கட்டிக்குள் வெள்ளை அணுக்களுக்கு என்ன வேலை?

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்திருந்தார் அந்த அக்கா. வீட்டுக்காரருக்கு வாயில் புற்றுநோய். லாரி ஓட்டுகிறவர், ராத்திரியில் தூக்கம் வராமலிருக்கப் பதினைந்து வருஷமாகப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிப் பழகியவர். பெங்களூரில் கட்டியிலிருந்து சதைத் துண்டு எடுத்துப் பார்த்த பயாப்ஸி ரிப்போர்ட்டை மஞ்சள் பையிலிருந்து எடுத்து, தருமபுரியில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மேஜைமேல் விரித்தார்.

"தம்பி, இதுல ஒரு வரிய எங்க பையன் படிச்சுச் சொன்னான். கட்டிக்குள்ள வெள்ளை அணு நிறைய இருக்குதுன்னு போட்டிருக்குதாம். வெள்ளை அணுன்னா நம்மளக் காப்பாத்தறதுதானே? அத்தனை இருந்தும் கட்டி எப்படி வளந்துச்சு?"

நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். சிகிச்சை பற்றி எதுவானாலும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். ஆனால் அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர் 1863இல் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே வெள்ளை அணுக்கள் மண்டிக் கிடப்பதைக் கண்டார். நாள்பட்ட புண்ணும் வீக்கமும் உள்ள இடத்தில்தான் புற்று முளைக்கிறதோ என்று அப்போதே சந்தேகப்பட்டார். அவருக்கு வந்த சந்தேகமும் இந்த அக்காவுக்கு வந்த சந்தேகமும் ஒரே இடத்தில் பிறந்தவை. அன்று கூட்டமாக இருந்ததால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு முள் குத்தினால்

புற்றுநோயைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் ஒரு முள்ளைப் பார்ப்போம். காட்டு வேலையில் காலில் வேலமுள் ஏறிவிடுகிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறோம். சாயங்காலத்துக்குள் அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டு, விண்விண் என்று தெறிக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இந்த நான்கும் சேர்ந்ததற்குப் பெயர்தான் அழற்சி. இதை முள் செய்வதில்லை, நம் உடம்பே வேண்டுமென்று செய்கிறது.

தோலுக்கு அடியில் எப்போதும் குடியிருக்கும் வெள்ளை அணுக்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது மேக்ரோபேஜ். பெருவிழுங்கி என்று தமிழில் எழுதுகிறார்கள், நல்ல பெயர். கிருமி, செத்த செல், தூசி எதுவானாலும் வாரி விழுங்கிவிடும். முள்ளோடு உள்ளே வந்த கிருமியை முதலில் மோப்பம் பிடிப்பது இது. உடனே சில புரதங்களைச் சுரந்து பக்கத்து ரத்தக் குழாய்களுக்குச் சேதி அனுப்புகிறது. குழாய்கள் விரிகின்றன; அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் நெகிழ்ந்து நீர் கசிகிறது, அதனால் வீக்கம். அந்த நெகிழ்ந்த சந்து வழியாகச் சில மணி நேரத்துக்குள் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன.

நியூட்ரோபில்லை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாக இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, நுண்ணோக்கியில் வைத்தால், முடிச்சு முடிச்சாக ஊதா நிற உட்கருவோடு தெரியும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். பெரும்பாலும் அதில் பாதிக்கு மேல் இதுதான். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. அவ்வளவு உண்டாக்கவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதன் ஆயுசு மிகக் குறைவு. கிருமியை விழுங்கியும் அதன்மேல் கடுமையான ரசாயனங்களைக் கொட்டியும் சண்டையிட்டு அங்கேயே செத்துப்போகிறது. செத்துக் குவிந்ததைத்தான் சீழ் என்கிறோம். நம் மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நடுகல் பார்க்கிறோமே, ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஊர் நட்ட கல். சீழைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வரும். அருவருப்பு வருவதில்லை.

இந்த விழுங்கும் வேலையைக் கண்டுபிடித்த கதையிலும் முள் உண்டு. இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1882இல் இத்தாலியின் மெசினா ஊரில் தங்கியிருந்தபோது, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்து நின்றன. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிறவர்களின் விரலில் தினமும் நடப்பது இதுவேதான். மெச்னிகோவுக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, சண்டை முடிந்துவிட்டது. அப்புறம் நடப்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அதே மேக்ரோபேஜ்கள் இப்போது வேலையை மாற்றிக்கொள்கின்றன. செத்த நியூட்ரோபில்களை விழுங்கிக் களத்தைச் சுத்தம் செய்கின்றன. பிறகு மூன்று உத்தரவு போடுகின்றன. பக்கத்திலிருக்கும் செல்களுக்கு: பெருகுங்கள், பள்ளத்தை மூடுங்கள். ரத்தக் குழாய்களுக்கு: இந்தப் பக்கம் புதுக் கிளை விடுங்கள். சண்டைக்கு வந்த மற்ற அணுக்களுக்கு: போதும், கிளம்புங்கள். ஒரு வாரம் பத்து நாளில் புண் மூடிக்கொள்கிறது. உத்தரவுகளும் நின்றுவிடுகின்றன.

ஆக, வெள்ளை அணுக்களுக்குக் கொல்வது ஒரு வேலை, கட்டுவது இன்னொரு வேலை. காவல்காரன் என்று மட்டுமே பள்ளியில் படித்ததால் இரண்டாவது வேலை நம் மனசில் பதியவில்லை. அந்த அக்காவின் குழப்பமும் அங்கிருந்துதான் வருகிறது.

ஆறாத புண்

மேலே சொன்ன மூன்று உத்தரவுகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பெருகு, ரத்தக் குழாய் வா, சண்டைக்காரர்களே கிளம்புங்கள். புற்றுச் செல்லுக்கு வேண்டியதும் இவைதான். பெருக ஊக்கம் வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் சோறு தண்ணீர் கொண்டுவர ரத்தக் குழாய் வேண்டும். தன்னைக் கொல்ல வருகிறவர்கள் அந்தப் பக்கம் வராமலிருக்க வேண்டும். இதையெல்லாம் புற்றுச் செல் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. "இங்கே ஒரு புண் இருக்கிறது" என்று பொய்ச் சேதி அனுப்பினால் போதும். சேதியை நம்பி மேக்ரோபேஜ்கள் வருகின்றன. வந்து, புண்ணை ஆற்றுவதாக நினைத்துக் கட்டியை வளர்க்கின்றன. ஹரால்ட் டிவோராக் என்ற அமெரிக்க நோய்க்கூறியல் மருத்துவர் 1986இல் கட்டிகளை "ஆறாத புண்கள்" என்று அழைத்தார். புற்றுநோயைப் பற்றி நான் படித்ததில் இதைவிடச் சுருக்கமாக, சரியாகச் சொன்ன வாசகம் வேறில்லை.

'வேலியே பயிரை மேய்கிறது' என்று இதைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அது மேக்ரோபேஜுக்குச் செய்யும் அநியாயம் என்று எனக்குப் படுகிறது. அது திருடவில்லை, ஏமாந்திருக்கிறது. நம் ஊரில் செம்மண் கரட்டோரம் நிற்கும் கரையான் புற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்ததுபோல என்பார்கள். இங்கே கதை தலைகீழ். பாம்பு முதலில் வந்து படுத்துக்கொண்டது; அதன் பேச்சைக் கேட்டுக் கரையான்கள் வந்து மண் சுமந்து அதற்கு வீடு கட்டித் தருகின்றன. புற்றுநோய் என்ற பெயரிலேயே புற்று இருக்கிறது. கட்டி என்றால் முழுக்கப் புற்றுச் செல் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. சில மார்பகக் கட்டிகளில் கிட்டத்தட்டப் பாதி வரை மேக்ரோபேஜ்களே இருக்கின்றன.

வீடு கட்டுவதோடு நிற்பதில்லை. எலிகளின் மார்பகக் கட்டியை உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வாளர்கள், மேக்ரோபேஜும் புற்றுச் செல்லும் ஒன்றையொன்று தொடர்ந்து நகர்ந்து ரத்தக் குழாயின் வாசல்வரை போவதைக் கண்டிருக்கிறார்கள். அங்கே குழாய்ச் சுவரை நெகிழச் செய்ய மேக்ரோபேஜுக்குத் தெரியும். அந்த வழியில் புற்றுச் செல் ரத்தத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஓர் இடத்துப் புற்று இன்னோர் இடத்துக்குப் பரவுவது இப்படி யாரோ வழிகாட்டியும் நடக்கலாம்.

யானைக்குப் போட்ட பந்தம்

இதுவரை சொன்னது, இருக்கிற புற்றை அழற்சி வளர்ப்பது பற்றி. புற்றே இல்லாத இடத்தில் அழற்சி அதை உண்டாக்குமா என்று கேட்டால், உண்டாக்கும். ஆனால் ஒரு நாளில் இல்லை, ஒரு மாதத்திலும் இல்லை.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் காலத்தில் யானை இறங்கும். பரண் கட்டி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து, பந்தம் காட்டியும் வெடி போட்டும் விரட்டுவார்கள். என்றைக்கோ ஒரு நாள் பந்தத்தின் பொறி பட்டுக் கொஞ்சம் ராகித் தட்டு கருகினால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் யானை போகாமல் பத்து வருஷம், இருபது வருஷம் அங்கேயே நின்றால்? ஒவ்வொரு ராத்திரியும் பந்தம். ஒவ்வொரு ராத்திரியும் எங்காவது ஒரு பொறி.

நியூட்ரோபில்லும் மேக்ரோபேஜும் கிருமியைக் கொல்லக் கொட்டும் ரசாயனம் அந்தப் பந்தம்தான். ஆக்சிஜனிலிருந்து உண்டாகும், எதையும் அரித்துவிடும் மூலக்கூறுகள் அவை. கிருமிமேல் விழுவதோடு பக்கத்தில் இருக்கும் நம் செல்களின்மேலும் விழும். செல்லின் டி.என்.ஏ.வில் எழுத்துப் பிழைகள் உண்டாகும். அதே நேரத்தில் புண்ணை மூடச் சொல்லி "பெருகு, பெருகு" என்ற உத்தரவும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். பிழையோடு இருக்கும் செல்லைப் படியெடுக்கச் சொன்னால் பிழையும் சேர்ந்தே படியெடுக்கப்படும். வருஷக்கணக்கில் இது சேர்ந்தால், ஏதோ ஒரு செல் உத்தரவு இல்லாமலே பெருகக் கற்றுக்கொள்கிறது.

ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் கல்லீரலில் பல வருஷம் தங்கி அங்கே புற்றை உண்டாக்குவது பெருமளவு இப்படித்தான். வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் அப்படி. அல்சருக்கு அந்தப் பாக்டீரியாதான் காரணம் என்று யாரும் நம்பாததால், பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1984இல் அதைக் கரைத்துத் தானே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் அவரோடு சேர்ந்து அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்த ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது. அந்தப் பாக்டீரியா உள்ளவர்களில் மிகச் சிலருக்கே வயிற்றுப் புற்று வருகிறது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இருப்பது தெரிந்தால், மாத்திரையால் ஒழித்துவிடலாம்.

வாய்ப் புற்றுக்கு வருவோம். புகையிலையில் நேரடியாகவே புற்றை உண்டாக்கும் ரசாயனங்கள் இருக்கின்றன. அதற்கு மேல், கன்னத்தில் ஒரே இடத்தில் அடக்கி வைப்பதால் அந்தத் தோல் தினமும் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகிறது. "நான் புகையிலை போடறதில்ல, வெறும் வெத்தலை பாக்குதான்" என்று பெருமையாகச் சொல்லும் பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புகையிலை இல்லாத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. இதை அவர்களிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தாம்பூலம் இல்லாத நல்ல காரியம் உண்டா நம் வீடுகளில்?

கல்தூசி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். எங்கள் அப்பா கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறையில் 22 வருஷம் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வரை வெள்ளையாக இருக்கும். விபூதி பூசிக்கொண்டு வருவதாக நினைத்துச் சின்ன வயதில் நான் சிரித்திருக்கிறேன். கடைசி ஆறு வருஷம் மாடிப்படி ஏற முடியவில்லை அவரால். சிலிகோசிஸ் என்று எழுதினார்கள்.

கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது சிலிக்கா. அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கும் தூசியில், கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் அடிவரை போகிறது. அங்கே காவலிருக்கும் மேக்ரோபேஜ் வழக்கம்போல விழுங்குகிறது. ஆனால் கல்லைச் செரிக்க யாரால் முடியும்? அதன் வயிற்றுப் பை கிழிகிறது. சாகும்போது அபாயச் சேதியைக் கொட்டிவிட்டுச் சாகிறது. கல் அப்படியே வெளியே விழுகிறது. அதை இன்னொரு மேக்ரோபேஜ் வந்து விழுங்குகிறது. அதுவும் சாகிறது. வேலையை விட்டு நின்ற பிறகும், தூசியே இல்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், உள்ளே இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தழும்பு. நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிப்போகிறது. மேக்ரோபேஜ்கள் இப்படி அழிவதால் காசநோயும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். மூச்சோடு போகும் சிலிக்கா நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்று அதே சர்வதேச முகமை 1997இல் வகைப்படுத்தியது.

அப்பாவுக்குப் புற்று வரவில்லை. ஆனால் அழற்சி என்றால் என்ன என்று நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அவர் இருமலில் கேட்டிருக்கிறேன். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். துண்டை மூக்கில் கட்டினால் அடங்காது. அந்தப் பொடிக்குத் துண்டின் சந்து பெரிய கதவு. இதற்கென்று உள்ள முகக்கவசம்தான் வேண்டும். பட்டறையில் வேலை செய்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு பத்தியையாவது கூட வேலை செய்கிறவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அழற்சி பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். அதிகம் என்று வந்தால், "இது கேன்சரா தம்பி?" என்று முகம் வெளுத்துக் கேட்கிறவர்கள் வாரத்துக்கு நாலு பேர். ஈ.எஸ்.ஆர். என்பது ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் குழாயில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்ற கணக்கு, அவ்வளவுதான். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் சில புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கும். அவை சிவப்பணுக்களைக் காசு அடுக்கினதுபோல ஒட்டவைக்கும். அடுக்கு கனமாக இருப்பதால் சீக்கிரம் இறங்கும். சளிக் காய்ச்சல், காசநோய், மூட்டுவாதம், ரத்தசோகை, கர்ப்பம், வெறும் வயோதிகம் எதிலும் இது ஏறலாம். இந்த ஓர் எண்ணை வைத்துப் புற்றுநோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் கொல்கிறவர்கள் எங்கே?

மேக்ரோபேஜ் ஏமாறுகிறது, சரி. எல்லா வெள்ளை அணுவும் ஏமாறுவதில்லை. டி செல், என்.கே. செல் என்று இரண்டு உண்டு. புற்றுச் செல்லை அடையாளம் கண்டு, பக்கத்தில் ஒட்டி நின்று, துளை போட்டுக் கொல்லும். நம் எல்லோர் உடம்பிலும் புற்றாக மாறப் பார்க்கும் செல்கள் தோன்றுகின்றன என்றும், அவற்றில் பலவற்றை இவை தீர்த்துக்கட்டிவிடுகின்றன என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதற்கு நல்ல சாட்சி, உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள். புது உறுப்பை உடம்பு நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பு அணுக்களை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள்; அவர்களுக்குச் சில புற்றுகள் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன.

இதில் என்னை உலுக்கிய ஒரு சம்பவம் உண்டு. ஸ்காட்லாந்தில் ஒருவருக்கு மெலனோமா என்ற தோல் புற்று. அறுவை சிகிச்சை செய்து குணமாகி 16 வருஷம் ஆனபின், வேறு காரணத்தால் இறந்தார். அவருடைய சிறுநீரகங்களை இரண்டு பேருக்குப் பொருத்தினார்கள். இரண்டு பேருக்குமே மெலனோமா வந்தது. 2003இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. அந்த 16 வருஷமும் புற்றுச் செல்கள் போகவில்லை. அவருடைய டி செல்கள் அவற்றை அமுக்கிப் பிடித்து வைத்திருந்திருக்கின்றன என்பதுதான் பொருத்தமான விளக்கம். காவல் அடக்கப்பட்ட உடம்புக்குப் போனதும் செல்கள் விழித்துக்கொண்டன.

விழிப்பூட்டுவது அழற்சியாகவும் இருக்கலாம். நியூட்ரோபில் சாகும்போது தன் டி.என்.ஏ.வையே வலைபோல வீசிக் கிருமியைப் பிடிக்கும் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். 2018இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வில், புகையிலைப் புகையால் நுரையீரலில் அழற்சி உண்டாக்கியபோது, அந்த வலையில் ஒட்டியிருந்த நொதிகள் சுற்றியிருந்த திசுவை வெட்டி, அங்கே உறங்கிக் கிடந்த மார்பகப் புற்றுச் செல்களை எழுப்பிவிட்டன.

டி செல் கட்டிக்குள் வந்தபிறகும் சும்மா நிற்பது உண்டு. அதன்மேல் பிரேக் இருக்கிறது. பி.டி.-1, சி.டி.எல்.ஏ.-4 என்று பெயர். பிரேக் தப்பானதல்ல, அது இல்லாவிட்டால் டி செல் நம் மூட்டையும் தைராய்டையும் குடலையும் தாக்கும். மற்ற டி செல்களை அடக்கி வைப்பதற்கென்றே ஒரு வகை டி செல்லும் உண்டு. அதைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025ஆம் வருஷ மருத்துவ நோபலை ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் கொடுத்தார்கள். புற்றுச் செல் இந்த ஏற்பாடுகளையும் விடுவதில்லை. டி செல் தாக்க வந்து சுரக்கும் புரதம் தன்மேல் பட்டதுமே, அந்த பி.டி.-1 பிரேக்கை அழுத்தும் கையை வெளியே நீட்டிவிடுகிறது.

பிரேக்கிலிருந்து அந்தக் கையைத் தட்டிவிட்டால் என்ன என்று யோசித்தவர்கள்தான் ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும். 2018இல் நோபல் பெற்றார்கள். இம்யூனோதெரபி என்று இப்போது ஆஸ்பத்திரிகளில் கேட்கும் ஊசிகள் பல அந்த வழியில் வந்தவை. சிலருக்கு ஆச்சரியமாகப் பலன் தருகின்றன, பலருக்குத் தருவதில்லை, விலையோ சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியதாக இல்லை. டி செல்லை வெளியே எடுத்து, புற்றைக் கண்டுபிடிக்கப் பழக்கி, திரும்ப உடம்பில் செலுத்தும் சிகிச்சையும் உண்டு. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய அப்படியொன்றுக்கு, சில ரத்தப் புற்றுகளுக்காக, 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று டப்பாவில் ஒட்டி விற்கும் பொடிகளைப் பற்றி என் மனசில் இருப்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. எதிர்ப்பு சக்தி என்பது தொட்டித் தண்ணீர் இல்லை, அளவு பார்த்து ஊற்றி நிரப்ப. எதைக் கூட்டுகிறீர்கள்? டி செல்லையா, கட்டிக்கு வீடு கட்டும் மேக்ரோபேஜையா, பிரேக் போடும் செல்லையா? கீமோதெரபி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பொடிகளை டாக்டருக்குத் தெரியாமல் கரைத்துக் கொடுப்பது ஆபத்து. களியும் கீரைக் குழம்பும் கொடுங்கள். நோயாளிக்குத் தெம்பு வேண்டும்.

அழற்சியை மொத்தமாக அடக்கிவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. அழற்சிச் சேதி அனுப்பும் ஒரு புரதத்தைத் தடுக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் நுரையீரல் புற்று குறைவாக இருந்தது. ஆனால் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் அதிகம். அதே மருந்தை, ஏற்கெனவே நுரையீரல் புற்று வந்தவர்களுக்குச் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் இல்லை. பந்தத்தைப் பிடுங்கிக்கொண்டால் தட்டு கருகாது, யானை வரும். ஆகவே வீக்கத்துக்கான மாத்திரையைக் கடையில் வாங்கித் தினமும் போட்டுக்கொண்டால் புற்று வராது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யானை வரும் வழியை அடைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, அரசு மருத்துவமனையில் இலவசம். புகையிலையையும் பாக்கையும் விடுவது. கல்தூசிக்குத் தண்ணீர். பழைய தீக்காயத் தழும்பில் திரும்பத் திரும்ப உடையும் புண்ணையும், மூன்று வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண்ணையும் டாக்டரிடம் காட்டுவது.

அந்த அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்த வரிக்கு என்ன அர்த்தம்? அந்த ஒரு வரியை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. வந்திருப்பது கொல்லும் டி செல்களா, கட்டித் தரும் மேக்ரோபேஜ்களா என்பதைப் பொறுத்தது. கொல்லும் டி செல்கள் கட்டிக்குள் நிறைய நுழைந்திருந்தால் பல புற்றுகளில் அது நல்ல அறிகுறி. எந்த வகை என்று தெரிய அதே சதைத் துண்டில் வேறு சாயப் பரிசோதனை செய்ய வேண்டும். அது தேவையா என்பது டாக்டரின் முடிவு.

அன்று அவருக்கு நான் சொன்னது ஆறாத புண் கதை மட்டும்தான். கரையான் புற்றைச் சொன்னதும் தலையாட்டினார். ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தவர், கிளம்பாமல் நின்றார்.

"எங்க மாமியாருக்கும் கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு இருக்குது தம்பி. வெத்தலை போடறவங்க. சுண்ணாம்பு சுட்டிருக்கும்னு விட்டுட்டோம்."

"எத்தனை நாளா அக்கா?"

விரல் விட்டு எண்ணினார். "எங்க ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு முன்னாடியிருந்து. நாலு மாசம் ஆகுது."

அடுத்த திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தாண்டும்போது பார்த்தேன். வாசலில் வயசான ஓர் அம்மாவைக் கைப்பிடித்து ஆட்டோவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். தோளில் அதே மஞ்சள் பை.